மாங்கனிக்கு ஒரு ரவிக்கை

“முழங்கை வரைக்கும் கை வச்சுத் தைங்க பாய்!”

“கையே வேணாம் பாய். நான் சொன்னபடி வெட்டுங்க!”

மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் கத்த, தலத்தெரு தையல்கடை மதார் சாகிப் பச்சைப் பட்டின்மேல் கத்தரிக்கோலை வைத்தபடி விழித்தார்.

“ரெண்டு பேரும் சேந்து சொன்னா நான் எதைத்தான்மா வெட்டுறது? நாளன்னிக்கு மாங்கனித் திருவிழா.”

பெரியநாயகிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “துரைசானியாடி நீ? அவளுவதான் கையில்லாம கவுன் மாட்டிக்கிட்டு கடற்கரையில திரியிறாளுவ. மாடியில நின்னு சாமிக்கு மாம்பழம் எறைக்கக் கையைத் தூக்குனா அக்குள் தெரியும். கீழ நிக்கிற ஊரு சாமியப் பாக்குமா, உன்னையப் பாக்குமா?”

“என்னையப் பாக்கட்டுமே” என்றாள் நீலாயதாட்சி.

“கேட்டீங்களா பாய், பேச்சை! சப்பரத்துக்கு முன்னால பரிவட்டம் கட்டிக்கிட்டு நடக்கப்போறவன் எம் மவன் சோமு. அவன் மானம் என்னாவறது?”

மேஜைமேல் அளவுக்கென்று கொண்டுவந்த மருமகளின் பழைய ரவிக்கை கிடந்தது. பெரியநாயகி அதை எடுத்து உதறினாள். “முதுகெல்லாம் பழுப்புக் கறை. இத ஒழுங்கா அலசிக் காயப்போடத் துப்பில்ல, மகாராணிக்கு மோஸ்தர் கேக்குது!”

மதார் சாகிப் தலையைக் குனிந்துகொண்டார்.

“கடைசியா சொல்றேன் அத்தை. கையில்லாமத்தான் தைக்கணும்.”

“நடடி வூட்டுக்கு!” பெரியநாயகி அவள் புஜத்தைப் பிடித்து இழுத்தாள். நீலா அலறிய அலறலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிடி தானாக விட்டது.

நீலா ரவிக்கையின் கையைத் தோள்வரை சுருட்டி ஏற்றினாள். கன்றிப்போன பட்டைத் தடங்கள். ஒவ்வொன்றின் முனையிலும் சதுரமாக ஒரு காயம். சோமு ஆபீசுக்குக் கட்டும் பெல்ட்டின் பித்தளைக் கொக்கி. பெரியநாயகிக்குத் தெரியாத கொக்கியா அது?

“எத்தனை தடவை ஒங்ககிட்ட வந்து அழுதேன்! ‘ஆம்பளைன்னா அப்படித்தான், வெளியில மூச்சு வுடாதே’ன்னீங்க. நான் மூச்சு வுடல அத்தை. இனிமேயும் வாயத் தொறக்கப்போறதில்ல. மாம்பழம் எறைக்கக் கையை மட்டும் தூக்கப்போறேன்.”

திட்டுவதற்குத்தான் பெரியநாயகி வாயைத் திறந்தாள். அவள் கையில் இன்னமும் அந்தப் பழைய ரவிக்கை. முதுகுப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, கறையை நகத்தால் சுரண்டினாள். காய்ந்த ரத்தம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

பட்டுத்துணியை எடுத்துத் தையல்காரர் முன்னால் ஓங்கிப் போட்டாள். முகத்தில் அதே கோபம், கொஞ்சமும் குறையவில்லை.

“முதுகையும் நல்லா இறக்கி வெட்டுங்க பாய்.”