மெங்கேஷாவின் பீட்டில் கார்

“டேய் லெம்மா! இன்னும் என்னடா பண்றே? வந்து தள்ளு!”

மெங்கேஷா வேலிக்கு மேலே எட்டிக் கத்தியதும் ஆஸ்தேருக்கு முகம் சுருங்கிவிட்டது. காரை வாங்க வந்த தங்கள் முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரரை இப்படியா விரட்டுவார் ஒரு மனிதர்?

வந்த லெம்மாவுக்கும் அவர் வயதுதான், எழுபதுக்குக் குறையாது. போர்வையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி வந்தார்.

“தினமும் இவரா தள்ளுவார்?” என்று கேட்டாள் ஆஸ்தேர்.

“பின்னே? வீட்ல சும்மா சுவரைப் பாத்துட்டுத்தானே உக்காந்திருக்கான்.”

“உன் வண்டியும் உன்னை மாதிரியே இருக்குடா. நாலு பேர் சேர்ந்தாத்தான் எந்திரிக்குது,” என்றார் லெம்மா.

“பேசாமத் தள்ளு. ராத்திரி சாப்பிட்டியா இல்லியா? கையில பலமே காணோம்!”

மெங்கேஷா ஏறி உட்கார்ந்தார். ஆஸ்தேரின் கணவர் தெஷோமேயும் ஒரு கை கொடுத்தார். அந்த நீல பீட்டில் கார் சந்து முனைவரை உருண்டு போய், ஒரு குலுக்குக் குலுக்கி, படபடவென்று உயிர் பெற்றது. தெஷோமேயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பண்டிகைக்குப் புதுச்சட்டை வாங்கின பிள்ளைகூடத் தோற்றுப்போகும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு இதே கனவு. ஒரு பழைய காரை வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்து, புதுசு போலப் பூட்ட வேண்டும். மெங்கேஷாவின் மகன் கனடாவிலிருந்து போன் பண்ணி, “அப்பா கார் ஒண்ணு இருக்கு, எடுத்துக்கறீங்களா?” என்றதும் அடிஸ் அபாபாவின் இந்தக் கோடிக்கு ஓடி வந்துவிட்டார்.

“பிரிப்பீங்க. பூட்டுறது யாரு? நீங்க பிரிச்ச ரேடியோவே மேஜை மேல பல்லை இளிச்சுட்டுக் கிடக்கு,” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தாள் ஆஸ்தேர். மரியம் மாதா கோயில் வாசலைத் தொட்டு முத்தமிட்டபோதுகூட, ‘தாயே, அந்த வண்டி உதவாததா இருக்கணும்’ என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

மெங்கேஷா காரைத் திருப்பி வாசலுக்குக் கொண்டுவந்ததும் லெம்மா கைகழுவத் தன் வீட்டுக்குள் போனார். தெஷோமே எஞ்சினை நிறுத்திவிட்டு எஞ்சின் இருந்த பின்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

“ஆஸ்தேர், இங்க வா,” என்றார் மெதுவாக. “ஹாரன் அடிக்குது, விளக்கு எரியுது. சாவியைத் திருப்பினா மட்டும் அசைய மாட்டேங்குது. ஏன்னு பாரு.”

ஸ்டார்ட்டருக்குப் போகிற வயர் தனியே தொங்கியது. அறுந்ததல்ல. யாரோ பதமாகக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

“விக்கிற வண்டில இருக்கிற நோயை மறைப்பாங்க. நோயே இல்லாத வண்டிக்கு இவர் ஏன் நோயை உண்டாக்கி வெச்சிருக்கார்?”

ஆஸ்தேருக்கும் அதுதான் புரியவில்லை. நேராக மெங்கேஷாவிடமே கேட்டுவிட்டாள்.

“அண்ணே, இந்த வயரைக் கழட்டினது யாரு?”

மெங்கேஷா பக்கத்து வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“மெதுவாப் பேசும்மா. நான்தான்.”

“ஏன்?”

“பொண்டாட்டி செத்துப்போனதிலிருந்து லெம்மா கதவையே திறக்கலை. நாங்க போய்த் தட்டினாலும் பதில் இல்லை. ஒருநாள் நெசமாவே கார் நின்னுபோச்சு. சந்துல ஆளே இல்ல. கோவத்துல அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். வந்துட்டான்! தள்ளிட்டு, எங்கூடக் காப்பி குடிச்சான், ரெண்டு வார்த்தை பேசினான்.”

“அப்புறம்?”

“ஸ்டார்ட்டரைச் சரி பண்ணிட்டேன். மறுநாள் சாவியைத் திருப்பப் போனவன் அப்படியே நிறுத்திட்டேன். இது கிளம்பிடுச்சுன்னா அவனை எதுக்குக் கூப்பிடறதுன்னு தோணிச்சு. அன்னிக்கே கழட்டிட்டேன்.”

“அப்படின்னா ஏன் விக்கறீங்க?”

“நானா விக்கறேன்? தள்ளு வண்டியை ஏன் கட்டிட்டு அழறீங்கன்னு மகன் தினமும் சண்டை. அவன்கிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது?”

தெஷோமே அந்த நீலக் கதவை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். பிறகு குனிந்து, வயர் முனையிலிருந்த டேப்பை இன்னும் இறுக்கிச் சுற்றிவிட்டு, மூடியைச் சாத்தினார்.

“உங்க மகன்கிட்ட நான் பேசிக்கறேன் அண்ணே. காயலான் கடைக்காரன்கூட இதை வாங்க மாட்டான்னு சொல்லிடறேன்.”

ஆஸ்தேருக்கு, வேண்டிக்கொண்டது நடந்தும் சந்தோஷமாக இல்லை.

விடைபெற்றுத் தெருவுக்கு வந்தார்கள். பின்னாலேயே லெம்மா நொண்டிக்கொண்டு வந்தார்.

“என்ன தங்கச்சி, வாங்கலையா?”

“இல்லண்ணே. ஸ்டார்ட்டர் சுத்தமாப் போயிடுச்சு. எங்களுக்குச் சரிப்படாது.”

லெம்மா நிம்மதியாக மூச்சு விட்டார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அவர்கள் பக்கம் குனிந்தார்.

“ஸ்டார்ட்டர் நல்லாத்தான் இருக்கு. அந்த வயரை அவன் கழட்டினதை வேலி சந்து வழியா என் கண்ணாலயே பாத்தேன். பிள்ளைங்கள்லாம் கண்காணாத தேசத்துல. தனியாக் கிடக்கான். ‘வாடா, வந்து எங்கூட உக்காரு’ன்னு கேக்க அவனுக்கு வாய் வராது. பாவம், அதுக்காகத்தான் இந்த முழங்காலோட தினமும் தள்ள வர்றேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க!”