ஆடியில் குறித்த நாள்

இருந்தவர்கள் ஐந்து பேர்.

நான். என் மனைவி தையல்நாயகி. என் தம்பி மாசிலாமணி. எங்கள் மகள் மங்கை. அவளுடைய மடிக்கணினித் திரையில், மணப்பாட்டிலிருந்து ஆல்வின்.

திரையில் தெரிந்தவரை இருந்தவர் என்று எண்ணலாமா என்று மாசிலாமணி பிறகு கேட்டான்.

எண்ணியிருக்கிறேன்.

மேஜையில் மங்கை ஒரு வரைபடத்தை விரித்தாள். கிரீஸ். அதில் பாரோஸ் என்று ஒரு தீவு. நகத்தின் அளவு.

அங்கே அவளும் ஆல்வினும் விண்ட்சர்ஃபிங் போகிறார்கள். பலகையின் மேல் நின்று, பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காற்றின் பலத்தில் கடலில் ஓடுவது. எட்டு நாள்.

இருவரும் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளப் போவதும் இல்லை. அதை ஒளிக்காமல் முன்பே சொல்லியிருந்தாள்.

எங்கள் வீட்டுப் பெண் கணவன் அல்லாத ஒருவரோடு வெளியூர் போனாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி நான் விட்டதில்லை.

மாசிலாமணியை வரச்சொன்னது நான்தான். இரண்டு பேர் இருந்தால் மறுப்பது எளிது என்று நினைத்தேன்.

"மெரினாவுல இல்லாத காத்தாம்மா அங்க?" என்றான்.

"காத்து இருக்கு சித்தப்பா. சொந்தக்காரங்களும் இருக்காங்களே."

திரையில் ஆல்வின் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதைக் கவனித்தேன்.

மறுப்பதற்குத் தயாராக இருந்தேன். மங்கை அனுமதி கேட்கவில்லை.

நாள் கேட்டாள்.

"ஜூலை கடைசியில லீவு கிடைக்கும்ப்பா. இல்லன்னா அக்டோபர்ல. எதுல நல்ல காத்து? உங்களுக்குத்தான் தெரியும்."

ஆல்வின் கப்பலில் இன்ஜினியர். ஆகஸ்ட் முதல் வாரம் கப்பல் ஏற வேண்டும்.

"அக்டோபர்னா இவங்க மட்டும் போகட்டும் சார். காத்து எப்பவோ அப்பதான் போகணும். நீங்க சொல்றதுதான்."

அக்டோபர் என்ற ஒரு சொல் போதும்.

மாசிலாமணி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

வானிலை மையத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். மாசிலாமணி தன் மகனின் கல்யாண வரவேற்பை மொட்டை மாடியில் வைத்தபோது மழை வரும் என்றேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

மழை வந்தது.

குடும்பத்தில் நாள் குறிப்பதும் நான்தான். பஞ்சாங்கமும் பார்ப்பேன், வானமும் பார்ப்பேன். நான் எழுதிக் கொடுக்கும் தாளின் நான்கு மூலையிலும் தையல்நாயகி மஞ்சள் தடவுவாள். அதன் பிறகு அந்த நாளை யாரும் மாற்றியதில்லை.

மங்கையின் கல்யாணத்துக்கும் குறித்தேன். தை இருபத்தொன்று. சுத்தமான முகூர்த்தம். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

நான்கு வருடத்தில் திரும்பி வந்தாள்.

அந்தத் தேதியை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

இப்போது மறுபடியும் என்னிடமே கேட்கிறாள்.

அந்தத் தீவின் பத்து வருடக் காற்றை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். நாள்வாரியாக வேகம், திசை. அந்தக் காலத்தில் நாங்கள் ஆபீஸில் போட்ட அதே கட்டங்கள். சின்ன வயதில் என் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

படிக்க வேண்டாம் என்று நினைத்தேன். பென்சில் கைக்கு வந்திருந்தது.

ஜூலையில் வடக்குக் காற்று. காலையில் எழுந்தால் பொழுது சாயும்வரை விடாது. வருடம் தவறாமல். அக்டோபரில் ஒருநாள் இருக்கும், மூன்று நாள் இருக்காது. கட்டம் படிக்கத் தெரியாதவருக்குக்கூடத் தெரியும்.

அக்டோபர் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஜூலை."

என் குரல்தான்.

"அண்ணா, அது ஆடி," என்றான் மாசிலாமணி.

"புதுசா கல்யாணம் ஆனவங்களையே ஆடியில பிரிச்சு வெப்பாங்கடி," என்றாள் தையல்நாயகி.

"எங்களுக்குத்தான் ஆகலையேம்மா."

தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

ஒரு தாளை எடுத்துக் கிளம்பும் நாளை எழுதினேன்.

மாசிலாமணி காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். செருப்பை மாட்டும்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

தையல்நாயகி உள்ளே போய் வந்தாள். தாளை என் கையிலிருந்து வாங்கினாள்.

நான்கு மூலையிலும் தடவினாள்.

பழக்கத்தில் செய்தாளா என்று நான் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், தூரத்துச் சொந்தம், என் தோளைத் தொட்டார். மங்கை வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளாம். விமானம் ஏறிய பிறகுதான் எனக்கே தெரியுமாம். பெரியவர், பாவம், என்ன செய்வார் என்றுதான் எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம்.

மாசிலாமணி சொல்லி வைத்திருக்கிறான். என் பெயரைக் காப்பாற்ற.

இலையைப் பார்த்துத் தலையாட்டினால் போதும். அதோடு முடிந்துவிடும்.

அவர்கள் சொல்வது தவறு. ஜூலை இருபத்திரண்டு, ஆடி ஆறு. நாள் குறித்துக் கொடுத்தது நான்.