தேக்குக் கதவும் ஒன்பது பலகைகளும்

பிச்சையப்பனின் மளிகைக் கடையும் வீடும் ஒரே கூரையின் கீழே தெருவைப் பார்த்து நின்றன. கடையை மூட, எண் எழுதிய ஒன்பது பலகைகள். காலையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைப்பார். பக்கத்தில் வீட்டின் தேக்குக் கதவு, பூவேலையும் பித்தளைக் குமிழ்களுமாக.

பலகைகளைக் கண்டாலே கதவுக்கு வயிறு எரியும். "ஒரு பூ செதுக்க ஆளில்லை உங்களுக்கு. ஆனால் எழுந்ததும் உங்களைத்தான் தொடுகிறார். அதுவும் எண் பார்த்து."

"எண் இல்லாவிட்டால் நாங்கள் இடம் மாறிப்போவோம், அக்கா," என்றது ஒன்பதாம் பலகை.

"அவரை என்னிடமும் கெஞ்ச வைக்கிறேன், பார்," என்றது கதவு.

மழைக்காலம் வந்தது. கதவு சாரலை ஆசை தீரக் குடித்து, உப்பி, நிலையோடு இறுகிக்கொண்டது. பிச்சையப்பன் கையால் தள்ளினார், தோளால் முட்டினார், கீலுக்கு எண்ணெய் விட்டார். கதவுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுகியது.

அவர் மனைவி உமையாள் உள்ளேயிருந்து சொன்னாள்: "அதோட ஏன் மல்லுக்கட்டுறீங்க? கடைக்குள்ள ஒரு வழி இருக்குல்ல, அதுல போய் வருவோம்."

அன்று முதல் எல்லோரும் கடை வழியாகவே போய் வந்தார்கள். வெயில் திரும்பியது. கதவு காய்ந்து இளைத்தது. விரல் பட்டாலே திறந்துவிடும். யாரும் தொடவில்லை.

ஒரு நாள் காலை பிச்சையப்பன் பலகைகளைக் கழற்றி, கதவின் மேலேயே சாய்த்து வைத்தார்.

"இப்போது நான் திறப்பேன்," என்றது கதவு, மெதுவாக.

"அசையாமல் இரு, அக்கா," என்றது ஒன்பதாம் பலகை. "நாங்கள் விழுந்துவிடுவோம்."