முதல் வகுப்பு மாணவன்

பேராசிரியர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

இன்னொரு முறை முயன்றார். பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்ட பூனை கூப்பிடுவதுபோல் ஏதோ கேட்டது. நாலைந்து பேர் சிரிப்பை மறைக்கப் பையைத் துழாவினார்கள்.

கணினி இயங்குதளம் பாடத்துக்கு அன்று முதல் நாள். அறை கொள்ளாமல் புது முகங்கள். அவருக்கோ தொண்டை அடியோடு கட்டியிருந்தது.

பலகையில் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன?' என்று எழுதினார். பிறகு கண்ணை ஓடவிட்டு, கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் பதுங்கியிருந்தவனைப் பிடித்து, விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

தாத்தா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

தாத்தா என்பது அவனுக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, தொப்பையும் போட்டாயிற்று. அவன் மட்டும் இந்த ஒரு பாடத்தில் தேறாமல் வருடா வருடம் முதலிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டிருந்தான். இந்த முறையும் கோட்டைவிட்டால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த வருடம் அவன் தங்கையும் இதே வகுப்பில், முன்வரிசையில். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவள் ஒப்பந்தம் போட்டிருந்தாள்.

"உள்ள வந்துட்டா நீ யாரோ, நான் யாரோ. புரிஞ்சுதா?"

முன்னால் வந்து நின்றவன் கையில் பேராசிரியர் சாக்பீஸை வைத்தார். காதோரம் குனிந்து, மூச்சுக்காற்றிலேயே சொன்னார்.

"நான் சொல்றதெல்லாம் உனக்குத்தான் மனப்பாடமாச்சே. நீயே எடு."

தங்கை, மேசையில் இல்லாத அழுக்கைத் துடைக்க ஆரம்பித்தாள்.

தாத்தா கனைத்தான். அச்சு அசலாகப் பேராசிரியரின் கனைப்பு.

"ஒரு வீடு. ஏழு பேர். குளியலறை ஒண்ணே ஒண்ணு."

யாரோ சிரித்தார்கள். அவனுக்கு உயிர் வந்தது.

அந்தக் குளியலறைதான் கம்ப்யூட்டருக்குள் வேலையெல்லாம் நடக்கும் பிராசஸர் என்றான். காலையில் எல்லோருக்கும் அவசரம். அப்பா உள்ளே போனால் வெளியே வரும் வழியைக் காணோம். பரீட்சைக்குப் போகிறவன் கதவை இடிப்பான். கண்ணாடி பார்க்க மட்டும் வந்தவளும் இடிப்பாள். ஒருவன் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சோப்புக்குக் காத்திருப்பான், இன்னொருவன் சோப்பை வைத்துக்கொண்டு வாளிக்குக் காத்திருப்பான்; இரண்டு பேரும் அன்று குளிக்கப்போவதில்லை. யாரை எப்போது உள்ளே விடுவது, யாரைப் பாதி நுரையோடு வெளியே இழுப்பது, இழுத்தவனை மறுபடி விட்ட இடத்திலிருந்து எப்படிக் குளிக்க வைப்பது, இதையெல்லாம் பார்த்துக்கொள்ள அம்மா ஒருத்தி வேண்டும்.

அந்த அம்மாதான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. அவள் ஒரு நாள் படுத்துவிட்டால் வீடே நின்றுவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூக்குக்கண்ணாடியை மேலே தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் கண்ணாடி போடுகிறவன் இல்லை, இருந்தும் தள்ளினான். பேராசிரியர் சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மணி அடித்தும் யாரும் எழவில்லை. பின்னாலிருந்து ஒருவன் கை தட்ட, அறையே தட்டியது.

தங்கை பக்கத்துப் பெண்ணிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க அண்ணன்!"

பேராசிரியர் அவன் தோளில் கை போட்டு, மிச்சமிருந்த குரலையெல்லாம் திரட்டினார்.

"தொண்டை சரியாக ஒரு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் நீயே நடத்திடு."

தாத்தா சிரித்தபடியே நின்றான். அந்தச் சிரிப்பை எப்படி இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் தங்கை ஓடிவந்து அவன் கையைக் கோத்துக்கொண்டாள். நாளைக்கு என்ன கதை சொல்லப்போகிறான் என்று கேட்டாள்.

அதைத்தான் அவனும் யோசித்துக்கொண்டிருந்தான். பேராசிரியர் பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பது முதல் நாள் மட்டும்தான். இத்தனை வருடத்தில் இரண்டாவது வகுப்பின் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்ததே இல்லை.