மிராசுதாரின் அம்பாசிடர்

“தளம் போடற அன்னிக்குக்கூட அந்த டப்பாவை எடுக்க மாட்டாரா உங்க மிராசு?”

கண்ணுசாமி மேஸ்திரி போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்கவில்லை. இராஜாங்கம் தன் அம்பாசிடரின் பின் சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மன்னார்குடியில் அந்தத் தெருவுக்கு அவர்தான் மிராசுதார். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, வழக்கு வந்து, வக்கீல் வந்து, கடைசியில் மிஞ்சியது வீடும் வண்டியும் மீசையும்தான். வண்டியின் முன்னால் ஒரு கொடிக் கம்பி உண்டு. ஆட்சி மாறினால் கொடியும் மாறும். எந்தக் கட்சியும் அவரை மாநாட்டுக்குக் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை.

வண்டி நின்றதோ பக்கத்து மனையின் வாசலில். அதில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர் மாட்டு டாக்டர் செல்லதுரை. அவருடைய அப்பா இதே மிராசின் வயலில் பண்ணையாளாக இருந்தவர். மகன் மிராசுக்குப் பக்கத்திலேயே மாடி வீடு கட்டுகிறான் என்றால் தெரு வேடிக்கை பார்க்காமல் இருக்குமா?

இருபத்தைந்து ஆட்கள் சட்டியோடு காத்திருந்தார்கள். கலவை மெஷினை வாசலில் நிறுத்தினால்தான் சாயங்காலத்துக்குள் தளம் முடியும். பாதியில் விட்டால் ஒட்டு விழும். ஒட்டு விழுந்த தளம் ஆயுசுக்கும் ஒழுகும். மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் போய்க் கேட்பதாக இல்லை; அவர் மனைவி அம்சவல்லியே போனாள்.

“அய்யா, இன்னிக்கு ஒரு நாளைக்கு வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க.”

“டிரைவர் லீவும்மா.”

“எப்ப வருவாருங்க?”

“வரும்போது வருவான்.”

டிரைவர் லீவில் போய் மூன்று தீபாவளி ஆகிவிட்டது. மிராசு பேப்பரை மடித்துக்கொண்டு காபி குடிக்க உள்ளே போனார்.

நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிப் பார்க்கலாம் என்றால், நாலு டயரும் காற்றில்லாமல் தரையோடு ஒட்டிக் கிடந்தன.

மெஷின் ஓட்ட வந்த தியாகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

“காத்து இல்லாட்டி என்ன? ஸ்டார்ட் பண்ணினா பத்தடி போகாதா? சாவியும் வேணாம். பேனட்டைத் தூக்கி, ரெண்டு வயரை இணைச்சாப் போதும்.”

பேனட்டில் கை வைத்தான்.

“தியாகு! எடுடா கையை!”

தெருவே திடுக்கிட்டது. மாடு உதைத்தால்கூடக் குரலை உயர்த்தாத செல்லதுரை, சாரத்திலிருந்து குதித்து ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

“யாரும் இதைத் தொடக் கூடாது. மெஷினைப் பின் சந்துல வைங்க மேஸ்திரி. அங்கேருந்து தூக்கலாம்.”

“சந்துலேருந்தா? தூரம் மூணு மடங்கு டாக்டர்! ஆளு பத்தாது.”

“இன்னும் பத்துப் பேரை வரச் சொல்லுங்க. நானும் தூக்கறேன்.”

தியாகு காதில் விழும்படியே முணுமுணுத்தான்: “டாக்டருக்குப் படிச்சு என்ன பண்றது? மிராசு வண்டியைப் பார்த்தாலே தோள்ல இருக்கிற துண்டு இடுப்புக்கு வந்துடுது.”

நாலு பேர் சிரித்தார்கள். செல்லதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் சட்டியைத் தூக்கினார்.

கடைசிச் சட்டி ஏறி, கண்ணுசாமி மட்டப்பலகையைக் கீழே வைத்தபோது தூறல் ஆரம்பித்தது. எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். மிராசுக்கும் ஒரு தட்டு போயிற்று.

“நம்ம வண்டியால ஒண்ணும் சிரமம் இல்லையே டாக்டர்?” வாசலில் நின்று கேட்டார் மிராசு, கேசரியைப் பார்த்தபடி.

“அதெல்லாம் இல்லீங்கய்யா. எங்களுக்குப் பின்பக்கம்தான் வசதி.”

அம்சவல்லிக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆட்கள் போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா அவருக்கு எதிரே கைகட்டி நின்னாரு, அது அந்தக் காலம். நீங்க எதுக்கு நிக்கணும்? ஊரே சிரிக்குது. வெக்கமா இல்லையா உங்களுக்கு?”

செல்லதுரை கையிலிருந்த சிமென்டைக் கழுவிக்கொண்டே பக்கத்து வீட்டை ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“தியாகு பேனட்டைத் திறந்திருந்தா உள்ளே ஒண்ணும் இருந்திருக்காது அம்சா. ஆத்துல தண்ணி வராத வருஷம், பொண்ணு கல்யாணத்துக்காக எஞ்சினைக் கழட்டி வித்துட்டாரு. ‘வெளியில சொல்லிடாதே’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாராம்.”

“யாரை?”

“எங்கப்பாவை. நம்ம வயல்ல பம்பு செட்டு ஓட்டுறது அந்த எஞ்சின்தான்.”