ஒரே ஒரு ரோல்

"கண்ணாடியக் கழட்டு அம்மணி, வெயில் பட்டு மின்னுது" என்றார் பெனடிக்ட்.

டெய்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் மடக்கிக்கொண்டாள். "இதில்லாம நீங்க வெறும் நிழலாட்டந்தானுங்க தெரியறீங்க."

"நல்லதாப் போச்சு. என் மூஞ்சி தெரியலீன்னாத்தான் உனக்குச் சிரிப்பு வரும்."

மதுக்கரை வீட்டின் பின்புறம், கொய்யா மரத்தடி. கல்யாணப் பட்டுச்சேலை டெய்சியின் தோளில் நிற்காமல் சரிந்தது. மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டிருந்தாள்.

பெனடிக்டின் முதுகுக்குப் பின்னால், படியில் உட்கார்ந்திருந்த மகள் லின்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறோம். லீவு போட்டுட்டு வந்து அம்மாகூட இரு கண்ணு" என்று அப்பா போனில் சொன்னதும் ஓசூரிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

வந்ததும் அம்மாவின் சேலைகளைத்தான் பெட்டியில் அடுக்கினாள். "என்னன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களாம்மா?" என்று கேட்டதற்கு, "மொதல்ல அப்பா படம் எடுத்து முடிக்கட்டும், சொல்றேன்" என்று நழுவிவிட்டாள் டெய்சி.

பெனடிக்டின் கையில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. லென்ஸ் வழியாகப் பார்க்கிற வேலையே இதில் இல்லை. மேலே தனியாக ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் முதலில் இரண்டு டெய்சி தெரிவார்கள். வளையத்தைத் திருகத் திருக, இருவரும் மெல்ல நகர்ந்து வந்து ஒருத்தியாகிவிடுவார்கள். அந்த ஒரு நொடிக்காகவே கேமராவை விற்காமல் வைத்திருந்தார்.

ச்சிக். அவ்வளவுதான் சத்தம்.

"ஊரு உலகத்துல போட்டோக்காரரு நிப்பாரு, நாம உக்காந்திருப்போம். இங்க எல்லாமே தலைகீழு" என்றாள் டெய்சி.

"உக்காந்து எடுத்தா கை ஆடாது. நீ வாய மூடிட்டுச் சிரி."

"வாய மூடிட்டு எப்படிங்க சிரிக்கிறது?"

அவள் சிரித்தாள். ச்சிக்.

"போன்ல எடுத்தா நூறு படம் எடுக்கலாமுங்கப்பா" என்றாள் லின்சி.

"நூறு எடுத்துப்போட்டு ஒண்ணக்கூடப் பாக்க மாட்டீங்க. இதுல எடுக்கோணும்னா ஒவ்வொரு தடவையும் உங்கம்மாவ உத்துப் பாத்தாகோணும்."

கடைசியில் ஃபிலிமை நகர்த்தும் லீவர் அசைய மறுத்தது. தேடிப் பிடித்து வாங்கிய ஒரே ரோல், தீர்ந்துவிட்டது. பெனடிக்ட் கண்ணை மூடிக்கொண்டு குமிழைச் சுற்றினார். உள்ளே ஃபிலிம் சுருண்டு, நுனி விடுபடும் சத்தம் கேட்டதும் குழந்தை மாதிரி சிரித்தார்.

"சென்னைக்கு அனுப்பிக் கழுவி வர ஒரு மாசமாகுமாம். மறக்காம நாளைக்கே அனுப்பிப்போடு கண்ணு. நல்லதா ஒண்ணப் பெருசு பண்ணி ஹால்ல மாட்டு." ரோலை எடுத்து மகளிடம் கொடுத்தார். கேமராவையும் கொடுத்தார். "கார் வர்ற வரைக்கும் சித்த படுத்துக்கறேன்."

அவர் உள்ளே போனதும் லின்சி கேமராவைத் திருப்பினாள். திடுக்கிட்டாள்.

லென்ஸ் மீது கறுப்பு மூடி. அழுத்தமாக, போட்டது போட்டபடி.

ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. ஃபிலிமில் ஒரு படம்கூட விழுந்திருக்காது!

"அம்மா... இதப் பாருங்கம்மா."

டெய்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். மூடியை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு அதைக் கழற்றி லின்சியின் கையில் வைத்தாள்.

"அப்பாகிட்டச் சொல்லிராத."

"வேற ரோல் எங்கயாச்சும் கெடைக்குதான்னு பாக்கறனுங்கம்மா. இப்பவே போயி..."

"வேண்டாங்கண்ணு. மூணு மாசத்துல இன்னிக்குத்தான் அந்த மனுசன் வாய்விட்டுச் சிரிச்சிருக்காரு. கெடுத்துப்போடாத."

"எப்படியும் தெரியத்தானுங்கம்மா போகுது?" என்றாள் லின்சி. "ஆஸ்பத்திரியில உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, அப்பா இந்தப் படங்களத்தானுங்க நம்பிட்டிருப்பாரு! ஒண்ணுமே இல்லாத ஃபிலிம அவரு கையில எப்படிக் குடுப்பேன்?"

டெய்சி மகளை ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அவளை அருகே இழுத்து, உள்ளே கேட்டுவிடாதபடி காதோடு சொன்னாள்.

"ஃபிலிம் வர்றப்ப அப்பா இருக்கமாட்டாரு கண்ணு."