பாதி வழி நாற்காலி

மேஸ்திரி சுடலைமணி எனக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். வடக்கே, பனிச்சறுக்கு விளையாட வரும் இந்த மலையில் குளிர்காலம் முழுக்கப் பனி அள்ளிய கூலி. கேட்டால், "சீசன் முடியட்டும்டே" என்பார். பனி உருகிப் புல்லும் முளைத்துவிட்டது. இப்போது அந்தப் புல்லில் ரப்பர் வட்டத்தில் உட்கார்ந்து சறுக்கக் காசு கொடுத்து வருகிறார்கள். மூட்டையோடு நாங்கள் சும்மாவே விழுந்து எழுந்த சரிவு அது. அன்று காலை முதல் ஆளாக மேஸ்திரி கறுப்புக் கண்ணாடியோடு வந்து, கம்பியில் தொங்கியபடி மலைமேல் போகும் நாற்காலியில் ஏறினார். பாதி வழியில் கரண்டு போனது. கரண்டு போனால் கீழே டீசல் மோட்டாரைப் போடுவது இப்போது என் வேலை. நான் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினேன்.

"ஏலே, மோட்டாரைப் போடுலே. தலை சுத்துது."

"சீசன் முடியட்டும் மேஸ்திரி."

கால் உதறியதில் முதலில் அவருடைய ஷூ ஒன்று விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட நோட்டுகள் விழுந்தன. இரண்டு தடவை எண்ணினேன். பதின்மூன்று ஐந்நூறு. என் பையிலிருந்து மீதி ஐம்பதை எடுத்து, அவர் ஷூவுக்குள் வைத்துவிட்டு, மோட்டாரைப் போட்டேன்.